வீட்டில் இறப்பு, சென்னை: எடுப்பு வரை ஆகும் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

வேளச்சேரிவாசி:
வீட்டில் 86 வயதுப் பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது மாடி ஃப்ளாட். ஒரு மகன் துபாயிலிருந்து வர வேண்டும். ஏரியாவில் ஏற்பாடு செய்து தருபவரிடம் விசாரித்தால் "ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், பாடை, வண்டி, பூ, மேளம் எல்லாம் சேர்த்து 55,000" என்கிறார். இதில் எதைத் தனியாகக் கேட்க வேண்டும்? எது இலவசம்? மயானத்துக்கு என்ன காகிதம் வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
மொத்தத் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட்டை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். செலவை ஏற்றுவது உடல் வீட்டில் இருக்கும் நேரம்தான். பாக்ஸ், பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குக் காபி, சாப்பாடு எல்லாமே அந்த மணிக்கணக்கோடு சேர்ந்து ஏறும். துபாய் மகனின் விமானம் எப்போது இறங்குகிறது என்று தெரியாமல் எடுப்பு நேரத்தைச் சொல்லாதீர்கள். சொன்ன நேரத்தை ஒருமுறை தள்ளினாலே இரண்டாம் நாள் வாடகை விழும்.

அந்த "நாள்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்குப் பாக்ஸை இறக்கி மறுநாள் மதியம் 2 மணிக்கு எடுத்தால் சிலர் 24 மணி நேரக் கணக்கில் ஒரு நாள் என்பார்கள். சிலர் தேதி மாறியதால் இரண்டு நாள் என்பார்கள். ஏற்றி இறக்கும் கூலியும் ஜெனரேட்டர் வாடகையும் ரேட்டுக்குள் அடக்கமா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பேரம் பேச இடம் இருப்பது பூவில். வண்டி அலங்காரத்துக்கு ஒரு தொகை, மாலைக்கு ஒரு தொகை என்று இரண்டு முறை வரும். வருகிறவர்களே மாலை கொண்டுவருவார்கள் என்பதால் அலங்காரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் குறை தெரியாது. பாடை கட்டுபவர், மேளக்காரர்கள், மயானத்தில் வேலை செய்பவர்களின் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு.

ஈமச்சடங்கு, தகனம், பிணவறை, உடலைக் கொண்டுசெல்வது ஆகிய சேவைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்தப் பில்லில் 18 சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். பந்தல், நாற்காலி வாடகைக்குத் தனி பில் என்றால் அது வேறு.

சுடுகாட்டுத்தெரு:
மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணம் இல்லை. எரிவாயு மேடை வேலை செய்கிறதா, எந்த நேரம் காலி என்று முதலில் மயானத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு உறவினர்களுக்கு நேரம் சொல்லுங்கள். ஒரு உடலுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்னால் இரண்டு பேர் இருந்தால் வண்டியோடு வாசலில் காத்திருக்க வேண்டியதுதான், அதற்கும் வெயிட்டிங் சார்ஜ் கேட்பார்கள். புகார் சொல்ல மாநகராட்சி எண் 1913.

155377 என்ற எண்ணில் கூப்பிடும் இலவச அமரர் ஊர்தி (உடலைக் கொண்டுசெல்லும் வண்டி) அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கானது. வீட்டு இறப்புக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

பெரியவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக்காக உடலுக்குள் வைக்கும் கருவி) இருக்கிறதா? இருந்தால் தகனத்துக்கு முன் டாக்டரை வைத்து எடுத்தே ஆக வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடித்துச் சூளையின் உள்சுவர் சேதமாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. சென்ட் பாட்டில், ரப்பர் செருப்பு, மெத்தை, நைலான் நார் கட்டிய மாலை எதையும் உள்ளே விடாதீர்கள்.

படிவம்நாலு:
காகிதத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இறந்தால் கடைசியாக வைத்தியம் பார்த்த எம்பிபிஎஸ் டாக்டர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-வில் எழுதித் தர வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இந்தச் சான்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்க்கும் ஃபீஸ் வேறு. பார்க்காத டாக்டர் எழுதித் தர மாட்டார். அதனால் நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவாரா என்று இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, இறந்தவரின் ஆதார், உங்கள் ஆதார் நான்கையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். விழுந்து அடிபட்டிருந்தாலோ வேறு சந்தேகம் இருந்தாலோ போலீஸுக்குச் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் கூடவே அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஓராண்டு ஆகிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு. மயானத்தில் தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள். பெயரும் இனிஷியலும் ஆதார், பேங்க் பாஸ்புக், பத்திரம் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தபின் எழுதிக் கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது தாலுகா ஆபீஸில் நிறுத்திவிடுவார்கள்.

வேளச்சேரிவாசி:
பேஸ்மேக்கர் இல்லை. பாக்ஸை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முடியுமா?

குளிர்பெட்டி:
சாதாரண லிஃப்டில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்திலும் இடிக்கும். அசோசியேஷனில் பேசி, கீழே பார்க்கிங்கில் நிழலான இடம் வாங்கிக்கொள்ளுங்கள். உடலைத் துணி ஸ்ட்ரெச்சரில் நான்கு பேர் இறக்கலாம்.

உயிர் பிரிந்த இரண்டு மணி நேரத்திலேயே தாடை விறைக்கத் தொடங்கும். அதற்குள் கண்ணை மூடி, தாடையையும் கால் கட்டைவிரல்களையும் துணியால் கட்டி, கைகால்களை நேராக்கிவிட வேண்டும். தாமதமானால் பாக்ஸுக்குள் சரியாகப் படுக்காது. கண் தானம் என்றால் ஃபேனை நிறுத்தி, தலையணையால் தலையை உயர்த்தி, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சை வையுங்கள். கண் வங்கி ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும்.

பாக்ஸுக்குச் சுவரில் தனி பாயின்ட் கொடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகி உருகும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. கம்ப்ரஸர் பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் குளிர் ஏறாது. ஆள் வர வர மூடியைத் திறந்தால் கண்ணாடி வியர்த்து உள்ளே தண்ணீர் கோக்கும். வாய்க்கரிசி, நீர்மாலை என்று சடங்குகள் எல்லாவற்றையும் உடலை வெளியே எடுத்த பிறகு மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம்நாலு:
விட்டுப்போனது ஒன்று. இறந்தவர் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காப்பீட்டாளராக இருந்தால் ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஏதாவது தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அங்கேயும் ஈமச்சடங்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அவருக்குக் கிடைக்குமா என்று வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.