டார்கெட் ட்ரோன் ஏவினதும் இடப்பக்கம் கவிழுது, அவசர உதவி

காத்தாடி92:
வணக்கம். ரேடியோபிளேன் கம்பெனியோட டார்கெட் ட்ரோனை (பீரங்கிக்காரங்க சுட்டுப் பழகுற ஆளில்லா விமானம்) பாதி அளவுல கட்டியிருக்கேன். ரப்பர் வெச்சு ரெயில்ல ஏவுறேன். ரெயிலை விட்டதும் இடப்பக்கம் சாய்ஞ்சு மூக்கு குத்துது. மூணு தடவை ஆச்சு, மூணும் ஒரே மாதிரி. ரட்டர் (வால்ல இருக்கிற திசைதிருப்பி) ட்ரிம் வலப்பக்கம் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல. பாராசூட்டும் சரியில்ல. ஞாயித்துக்கிழமை மறுபடி ஏவணும், சீக்கிரம் சொல்லுங்க.

பால்சாபித்தன்:
எந்த ரேடியோபிளேன்? ஓக்யூ-2, ஓக்யூ-3, ஓக்யூ-14, ஓக்யூ-19 எல்லாமே அந்தக் கம்பெனிதான். எடை எவ்வளவு, இறக்கைப் பரப்பு எவ்வளவு, சி.ஜி. (எடை சமநிலைப் புள்ளி) எங்க, ரெயில் நீளம், சரிவு, ரப்பர் இழுவை, மோட்டார், ப்ரொப்பெல்லர்? இதுல ஒண்ணுமே சொல்லலையே நண்பா. பாராசூட் "சரியில்ல"ன்னா என்ன? திறக்கலையா, வால்ல சிக்குதா, திறந்தும் வேகமா விழுதா? மூணும் வேற வேற வியாதி, மருந்தும் வேற.

சுருள்வில்:
இடப்பக்கம்னு சொன்னதுமே விடை வந்தாச்சு. டார்க். பின்னாடி இருந்து பாத்தா ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியா சுத்தும், அந்தச் சுழல் விசையால (டார்க்) உடம்பு எதிர்ப்பக்கம் உருளும். அசல் ஓக்யூ-2ல இதுக்காகத்தான் ஒரே எஞ்சின்ல எதிரெதிரா சுத்துற ரெண்டு ப்ரொப்பெல்லர் இருந்துச்சு. மோட்டாரை 3 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைங்க, முடிஞ்சது.

மூத்தவர்_மேகம்:
இந்தத் தளத்தில் தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ரப்பர் ஏவுதல் பற்றிக் குறைந்தது பத்து இழைகள் உள்ளன. கேட்பதற்கு முன் ஒன்றையாவது படிக்கலாம். இப்போதெல்லாம் முதலில் கட்டுகிறார்கள், பிறகுதான் கணக்கு என்று ஒன்று உண்டு என்பது நினைவுக்கு வருகிறது.

காத்தாடி92:
மன்னிக்கணும் சார். ஓக்யூ-3. ஒத்தை ப்ரொப்பெல்லர், 16க்கு 10 அங்குலம். எலெக்ட்ரிக் மோட்டார், 1,300 வாட். இறக்கை 1.87 மீட்டர், பரப்பு 0.52 சதுர மீட்டர். சி.ஜி. முன்விளிம்புலேர்ந்து 78 மி.மீ. ரெயில் 3 மீட்டர், 10 டிகிரி சரிவு. ரப்பர் நல்லா டைட்டாத்தான் இருக்கு. பாராசூட் திறக்குது, ஆனா இறங்குறப்போ ஃபியூஸ்லேஜ் (உடல்பகுதி) உடைஞ்சுது.

பால்சாபித்தன்:
எடை?

ரேடியோகுமரன்:
"நல்லா டைட்" என்பது அளவு இல்ல தம்பி. மீன்காரர் வெச்சிருக்கிற ஸ்பிரிங் தராசு போதும். விமானம் உக்கார்ற தொட்டிலைப் பின்னாடி முழுசா இழுத்து மாட்டினா எத்தனை கிலோ, ரெயில் முடியிற இடத்துல வெச்சா எத்தனை கிலோ, ரெண்டையும் எழுதுங்க. ரெண்டாவது எண்தான் முக்கியம், அதை யாரும் அளக்கிறதில்ல. தொட்டில் எடையும் வேணும்.

இன்னொண்ணு. மூணு தடவை விழுந்துதுன்னு சொல்றீங்க, பாராசூட்ல இறங்கி உடைஞ்சுதுன்னும் சொல்றீங்க. அப்போ ஒரு தடவையாவது பறந்திருக்கணுமே? அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல.

சுருள்வில்:
ஒத்தை ப்ரொப்பெல்லர்னு அவரே சொல்லிட்டார். டார்க்தான். பந்தயம்.

கடல்காற்று:
ஓக்யூ-3ல எய்லரான் (இறக்கையைச் சாய்க்கிற மடல்) கிடையாது, ரட்டரும் எலிவேட்டரும் (மூக்கை ஏத்தி இறக்குற மடல்) மட்டும்தான். உங்க மாடல்லயும் அப்படியேவா? ஆமான்னா, சாயறதைத் திருத்த டைஹெட்ரலும் (இறக்கைகளோட மேல்நோக்கிய சரிவு) ரட்டரும்தான் துணை. ரெண்டுக்கும் வேகம் வேணும்.

காத்தாடி92:
ஆமா, எய்லரான் இல்ல. எடை 6.8 கிலோ, தொட்டில் 1.5. தராசு வெச்சேன்: ஆரம்பத்துல 22 கிலோ, ரெயில் முடிவுல 4 கிலோ. முதல் நாள் நல்லாத்தான் பறந்துச்சு, அன்னைக்கு எதிர்க்காத்து நல்லா அடிச்சுது. அதைச் சொல்ல மறந்துட்டேன். பாராசூட் 1.5 மீட்டர் விட்டம்.

ரேடியோகுமரன்:
சொல்ல மறந்ததுலதான் விடையே இருக்கு.

கணக்கு போடுவோம். உங்க எடைக்கும் பரப்புக்கும், அதிகபட்ச தூக்குக் கெழு 1.2ன்னு வெச்சா, ஸ்டால் வேகம் (இதுக்குக் கீழ இறக்கையால தூக்க முடியாது) வினாடிக்கு 13.2 மீட்டர். அது 15 டிகிரி வெயில்ல. 35 டிகிரியில காத்து லேசாகும், 13.7 ஆகிடும். ஏவுறப்போ இதுக்கு மேல 20 விழுக்காடாவது கையில இருக்கணும். அதாவது 16.4.

இப்போ உங்க ரப்பர். 22லேர்ந்து 4 வரைக்கும் இறங்குதுன்னா சராசரி 13 கிலோ, கிட்டத்தட்ட 127 நியூட்டன். ப்ரொப்பெல்லர் இழுவை ஒரு 40 கூட்டுங்க. சரிவுக்கு 14, உராய்வுக்கு 8 கழிங்க. மிச்சம் 145. மூணு மீட்டருக்கு 435 ஜூல். விமானமும் தொட்டிலும் சேர்ந்து 8.3 கிலோ. வேகம் வினாடிக்கு 10.2 மீட்டர்.

ரெயிலை விடுறப்பவே ஸ்டால்ல இருக்கு. முதல் நாள் எதிர்க்காத்து 5, 6 மீட்டர் இருந்திருந்தா இறக்கை உணர்ந்தது 16 பக்கம். அதான் பறந்துச்சு. காத்து இல்லாத நாள்ல விழுந்துச்சு. உங்க ட்ரிம்மைத் தொடவே வேணாம்.

சுருள்வில்:
அப்போ ஏன் எப்பவும் இடப்பக்கமே? ஸ்டால்னா எந்தப் பக்கம் வேணா சாயலாமே?

ரேடியோகுமரன்:
அங்கதான் உங்க டார்க் வருது, மறுக்கல. மோட்டார்ல உள்ளே போறது 1,300 வாட்னா தண்டுல 1,040 வரும். நிமிஷத்துக்கு 7,500 சுத்துன்னா டார்க் 1.3 நியூட்டன் மீட்டர். இடது இறக்கையின் நடுவுல 285 கிராம் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. 16 மீட்டர் வேகத்துல ரட்டர் அதைச் சமாளிக்கும், 10 மீட்டர்ல முடியாது. எந்தப் பக்கம் விழணும்னு முடிவு பண்றது டார்க். விழறதுக்குக் காரணம் வேகம். மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கம் திருப்புங்க, நல்லதுதான். ஆனா அது மட்டும் செஞ்சா நேரா போய்க் குத்தும்.

பால்சாபித்தன்:
நேரா போய்க் குத்தும் :) அழகா சொன்னீங்க.

சரி, வைத்தியம். 3 மீட்டர் ரெயில்லயே 16.4 வரணும்னா சராசரி 36 கிலோ இழுவை வேணும். ஆரம்பத்துல 48, 50 வரும். அவ்வளவு இழுத்து மாட்டுறது கைக்கும் ஆபத்து, மாடலுக்கும் ஆபத்து. ரெயிலை 5 மீட்டர் ஆக்குங்க. அப்போ சராசரி 21 கிலோ போதும்: ஆரம்பத்துல 28, முடிவுல 14. முடிவுல 14 நிக்கணும்னா ரப்பர் நீளமா இருக்கணும், ரெயில் முடிவுலயும் அது இழுபட்ட நிலையிலயே இருக்கணும். குட்டை ரப்பரை உயிர் போக இழுத்தா ஆரம்பத்துல உதை, கடைசியில தொங்கல். உங்களோடது அதுதான்.

ஏவுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

பேட்டரி. ரப்பர் விட்டதும் 3, 4 ஜி (எடையைப் போல 3, 4 மடங்கு விசை) வரும். 900 கிராம் பேட்டரி 3 கிலோவுக்கு மேல பின்னாடி இழுக்கும், வெல்க்ரோ தாங்காது. 60 மி.மீ. நகர்ந்தாலே சி.ஜி. 78லேர்ந்து 86க்குப் போயிடும், மூக்கு தூக்கி உடனே ஸ்டால். பேட்டரிக்குப் பின்னால ஒரு ப்ளைவுட் தடுப்பு ஒட்டுங்க.

தொட்டில். ரெண்டு பக்கக் கொக்கியும் ஒரே நேரத்துல விடுதான்னு மோட்டார் போடாம, மாடலுக்குப் பதிலா அதே எடை மணல் மூட்டை வெச்சுப் பாருங்க. ஒண்ணு அரை நொடி பிந்தினா போதும், மூக்கு திரும்பிடும்.

எலிவேட்டரை மேல் ட்ரிம்ல வெச்சு ஏவாதீங்க. நடுவுல வெச்சு, வேகம் பிடிச்ச பிறகு மெதுவா ஏத்துங்க.

பாதுகாப்பு ஊசி தனியா இருக்கணும். கொக்கியே ஊசின்னு நம்பக் கூடாது. ரெயிலுக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாதுன்னு சொல்லவே வேணாம், ஆனா சொல்லிடுறேன்.

கடல்காற்று:
பாராசூட் பத்தி யாரும் பேசலையே. 1.5 மீட்டர் குடைக்கு 6.8 கிலோன்னா இறங்குற வேகம் வினாடிக்கு 9 மீட்டர். நாலு மீட்டர் உயரத்துலேர்ந்து கீழ போட்ட மாதிரி. உடையாம என்ன செய்யும்?

அசல்ல 47 கிலோவுக்கு 24 அடி குடை, அதாவது 7.3 மீட்டர். இறங்குற வேகம் 5 மீட்டர் பக்கம் வரும். பாதி மாடல்னு குடையையும் பாதி ஆக்கினா 3.65 மீட்டர், வேகம் 3.7. மெத்துன்னு இறங்கும், ஆனா காத்து அதைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடும். அசலோட வேகமே வேணும்னா 2.8 மீட்டர் குடை போதும். எடை எட்டுல ஒண்ணாகுது, பரப்பு நாலுல ஒண்ணாகுது, அதான் வித்தியாசம்.

திறக்கிற முறையும் உண்டு. முதல்ல மோட்டாரை நிறுத்தணும், சுத்திட்டிருக்கிற ப்ரொப்பெல்லர் கயித்தைச் சுருட்டிடும். பிறகு மூக்கை லேசா தூக்கி வேகத்தை 14 பக்கம் கொண்டு வந்து திறக்கணும். 18 மீட்டர்ல திறந்தா அதிர்வு 140 கிலோ இழுவையா வரும். 14ல 85. இந்த வித்தியாசத்துலதான் கொக்கி பிடுங்கிட்டு வரும். கயிறை ஃபியூஸ்லேஜ் தோல்ல கட்டாம இறக்கை ஸ்பார்ல (இறக்கையோட முக்கியச் சட்டம்), சி.ஜி.க்கு நேர் மேல கட்டுங்க. குடைப் பெட்டி மூடி பறந்து போறப்போ குடைப் பையையும் இழுத்துட்டுப் போகணும். குடை பெட்டிக்குள்ளேயே பிரிஞ்சா வால்ல மாட்டும்.

மூத்தவர்_மேகம்:
இவ்வளவு கணக்கும் சரி. ஆனால் இலக்கு விமானத்தை முழுதாகத் திரும்பப் பெறும் கலையை அமெரிக்கர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும். பிரிட்டனின் ரேடியோவில் இயங்கும் இலக்கு விமானமான குயின் பீ 1935லேயே பாராசூட் இல்லாமல் இறங்கியது. டெலிபோன் டயல் போன்ற ஒன்றைச் சுழற்றிக் கட்டளை தருவார்கள். கீழே தொங்கும் ஏரியலின் எடைக்கட்டி தரையைத் தொட்டதும் இக்னிஷன் நின்று, எலிவேட்டர் தானாக மேலே போகும். அதுதான் பொறியியல். குடை விரித்து விழுவது விழுவதுதான்.

சுருள்வில்:
குயின் பீ ஒரு முழு விமானம் சார். 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர், டைகர் மாத் இறக்கை, மரத்தால செஞ்ச ஃபியூஸ்லேஜ். ஓட்டுநர் ஏறியும் ஓட்டலாம். ஓக்யூ-2ல இருந்தது 6 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக். போர்க்காலத்துல ஓக்யூ வரிசை ஏறக்குறைய 15,000 கட்டினாங்க, குயின் பீ சில நூறுதான். பீரங்கிக்காரங்களுக்குப் பழக எண்ணிக்கை வேணும். ஓடுதளம் தேடிட்டிருக்க முடியாது. எங்க குறிபார்க்கணுமோ அங்கயே ரெயில் போட்டு ஏவி, அங்கயே குடையில இறக்கணும்.

மூத்தவர்_மேகம்:
எண்ணிக்கை வேறு, தரம் வேறு. குயின் பீயைக் கப்பலிலிருந்து கேட்டபல்ட்டில் (உந்தி ஏவும் பொறி) ஏவி, மிதவையில் கடலில் இறக்கி, கிரேனால் தூக்கினார்கள். அதற்கும் முன்னால் 1932ல் ஃபேரி குயின் என்ற இலக்கு விமானங்களில் முதல் இரண்டும் ஏவின சில நொடிகளிலேயே விழுந்தன. காரணம் தெரிந்தவர்கள் மூன்றாவதைப் பறக்கவிட்டார்கள். கேள்வி கேட்டவருக்கும் அதில் பாடம் உண்டு.

பால்சாபித்தன்:
கடல்ல இறக்கினது குயின் பீ மட்டும் இல்ல சார். பிற்பாடு வந்த ரேடியோபிளேன் கேடி2ஆர்-5, அந்த 72 குதிரைத்திறன் மெக்கல்லக் எஞ்சின் போட்டது, குடையிலதான் தண்ணியில இறங்கும். உடனே எடுத்து நல்ல தண்ணியில கழுவி எண்ணெய் ஊத்தலேன்னா எஞ்சின் போச்சு. ரேடியோ சமிக்ஞை அறுந்தாலோ மின்சாரம் போனாலோ குடை தானாத் திறக்கும். மாடல்லயும் ரிசீவரோட ஃபெயில்சேஃப்ல அதைப் போட்டு வைங்க காத்தாடி: முதல்ல மோட்டார் நிக்கணும், ஒரு நொடி கழிச்சு குடை.

சுருள்வில்:
கேடி2ஆர்ல ராக்கெட் பூஸ்டர் வெச்சு ரெயிலே இல்லாம ஏவுவாங்க. பூஸ்டர் தள்ளுற கோடு சி.ஜி. வழியா போகலேன்னா அது வேற மாதிரி கவிழும், அங்க டார்க் இல்ல காரணம் :)

கடல்காற்று:
"ட்ரோன்"ங்கிற பேரே குயின் பீயைப் பார்த்து வெச்சதுதான்னு சொல்வாங்க. குயின் பீன்னா ராணித் தேனீ, ட்ரோன்னா ஆண் தேனீ. அந்த வகையில மூத்தவருக்கு ஒரு மதிப்பெண்.

விசிறி_மாணவன்:
மர்லின் மன்றோ ரேடியோபிளேன்ல வேலை செஞ்சாங்களாமே, நிஜமா?

கடல்காற்று:
நிஜம். அப்போ பேரு நோர்மா ஜீன். குடைகளைச் சோதிக்கிற வேலை, பிறகு துணி மேல டோப் (துணியை விறைப்பாக்குற பூச்சு) அடிக்கிற வேலை. 1945ல ராணுவப் புகைப்படக்காரர் டேவிட் கோனவர் அங்க எடுத்த படத்துலதான் ப்ரொப்பெல்லரோட நிப்பாங்க. இதுக்குத் தனி இழை போடுங்க, இங்க வேணாம்.

மூத்தவர்_மேகம்:
பெயர்க் காரணத்தில் "சொல்வாங்க" என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. அமெரிக்கக் கடற்படையின் டெல்மர் ஃபார்னி 1936ல் அந்தச் சொல்லை எடுத்தார் என்பதுதான் வழக்கமாகக் குறிப்பிடப்படுவது.

கடல்காற்று:
அதையேதான் சார் நானும் சொன்னேன்.

காத்தாடி92:
ரெயில் 5 மீட்டர் ஆக்கினேன். ரப்பர் 28, 14. பேட்டரி நிஜமாவே நகர்ந்திருந்துச்சு, தடுப்பு வெச்சாச்சு. காத்து இல்லாமலே பறந்துச்சு. நன்றி அண்ணன்களே.

ரேடியோகுமரன்:
சந்தோஷம். மோட்டாரைத் திருப்பினீங்களா இல்லையா? குடை எந்த அளவு போட்டீங்க, இறக்கம் எப்படி? அடுத்து கட்டுறவங்களுக்குத் தேவைப்படும்.

பால்சாபித்தன்:
காத்தாடி?

சுருள்வில்:
திருப்பியிருப்பார். பந்தயம் இன்னும் நிக்குது.