எந்தச் சுவர்?

குழு: பெரிய வீடு 🌴

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: டிவி மாட்டியாச்சு. 55 இன்ச். அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு நானும் பிரியாவும் சேர்ந்து வாங்கியது.

பிரியா: 👏👏

தேன்மொழி: கூடமே நிறைந்துவிட்டது. கீழே என்ன அது, ஆலம் விழுது மாதிரி?

கார்த்தி: அதுதான் பிரச்சினை அத்தை. கரண்ட் வயர், செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிற எச்டிஎம்ஐ, கேபிள் வயர் மூன்றும் தொங்குகிறது. திருக்கடையூரிலிருந்து திரும்பினால் எல்லாரும் கூடத்தில்தான் உட்காரப் போகிறார்கள். சாயங்காலம் பழைய போட்டோக்களை டிவியில் ஓடவிட வேண்டும் என்கிறாள் பிரியா. இந்தக் கோலத்தில் எப்படி? சுவரில் காடி வெட்டி உள்ளே விட்டுவிடலாமா? எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறேன் என்கிறார்.

வசந்தா: இப்போதுதான் வெள்ளை அடித்தது

சுந்தரம் (கும்பகோணம்): கார்த்தி, அவசரப்படாதே. மின்வாரியத்தில் ஆயுசு முழுக்கக் கம்பியோடு கழித்தவன் சொல்கிறேன். டிவியோடு வருகிற கரண்ட் வயரைச் சுவருக்குள் புதைக்கவே கூடாது. அது வெளியே கிடப்பதற்காகச் செய்த வயர். புதைத்துப் பூசிவிட்டால் உறை வெடித்தாலும் தெரியாது, சூடேறினாலும் தெரியாது, எலி கடித்தாலும் தெரியாது. சுவருக்குள் போகலாம் என்றால் பைப்புக்குள் போகிற வீட்டு வயரிங் மட்டும்தான். டிவிக்குப் பின்னாலேயே ஒரு பெட்டி பதித்து 6 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் கொடுக்கச் சொல். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், எர்த்தோடு. டிவி வயர் அங்கேயே சுருண்டு ஒளிந்துகொள்ளும், கீழே தொங்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரியா: 🙏 மாமா

ராஜேந்திரன்: எந்தச் சுவர்?

சுந்தரம் (கும்பகோணம்): இன்னும் முடியவில்லை. எச்டிஎம்ஐ வயரைக் கரண்ட் பைப்பில் சேர்த்து விடாதே, அதற்குத் தனிப் பைப். முக்கால் இன்ச் பைப்பில் அதன் தலை நுழையாது. வருகிற பையன் தலையை வெட்டி உள்ளே விட்டு மறுபடி ஒட்டித் தருகிறேன் என்பான், சம்மதிக்காதே. இரண்டு இன்ச் பிவிசி போடு. திருப்பத்தில் எல்போ வேண்டாம், வளைந்து திரும்புகிற பெண்ட் போடு. எல்போவில் வயர் மடங்கி நின்றுவிடும், உருவ முடியாது. உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வை. நாளைக்கு வேறு வயர் இழுக்க வேண்டி வந்தால் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம், சுவரை மறுபடி உடைக்க வேண்டாம். காடி நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்வாக வெட்டினால் பின்னால் காலண்டருக்கு ஆணி அடிக்கிறவனுக்கு வயர் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

ராஜேந்திரன்: கேட்டதற்குப் பதில் இல்லை. எந்தச் சுவர்?

வசந்தா: கூடத்து மேற்குச் சுவர்தான் தம்பி

ராஜேந்திரன்: அண்ணி, அது பொதுச்சுவர்.

தேன்மொழி: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: சித்தப்பா, எங்கள் பக்கம்தான் வெட்டப் போகிறோம். உங்கள் பக்கம் ஒன்றும் தெரியாது.

ராஜேந்திரன்: பாகப் பத்திரத்தை எடுத்துப் படி. இரண்டு பங்குதாரரும் சம்மதிக்காமல் அந்தச் சுவரில் துவாரமோ மாறுதலோ செய்யக் கூடாது. எழுதிவைத்தது நான் இல்லை, உன் தாத்தா.

வசந்தா: தம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போனில் கேட்கிறீர்களே. நீங்கள் இருமினது இங்கே கேட்டது. வாசல் வழியாக வந்து பாருங்கள், காபி போடுகிறேன்.

மல்லிகா: அவர் கடைக்குப் போயிருக்கிறார் அக்கா

வசந்தா: அப்போ இருமினது யார்

மல்லிகா: விக்கி

விக்கி: நான் காலேஜில் இருக்கேன்மா

மல்லிகா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: 😂😂😂

கணேசன்: 📷 படம் (ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்)

விக்கி: பெரியப்பா, மணி நாலு

விக்கி: கார்த்தி அண்ணா, ஒரு நிஜமான பிரச்சினை இருக்கு. டிவிக்கு நேர் பின்னால்தான் எங்கள் சாமி மாடம்.

சுந்தரம் (கும்பகோணம்): இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? மாடம் எவ்வளவு ஆழம்?

விக்கி: ஒரு சாண் இருக்கும். குத்துவிளக்கு உள்ளே நிற்கும்.

சுந்தரம் (கும்பகோணம்): ஒரு சாண் என்றால் ஒன்பது இன்ச். சுவர் ஒன்றரை அடி. ஆக அந்த இடத்தில் மிச்சம் இருப்பதே ஒன்பது இன்ச். செங்குத்துக் காடி என்றால் சுவர் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, குறுக்குக் காடி என்றால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. இரண்டு இன்ச் பைப்பை வைத்து மேலே பூச மூன்று இன்ச் ஆழம் வேண்டும். எல்லைக்கே வந்துவிட்டோம். அதுவும் இது சிமெண்ட் சுவர் இல்லை, சித்துக்கல் என்கிற பழைய சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கட்டர் மிஷின் வைத்தால் அதிர்வில் மாடத்துக்குள் இருக்கிற பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

மல்லிகா: சாமி மாடத்தில் கை வைக்க வேண்டாம். ஆடி மாதம் வேறு.

பிரியா: ஆடியில் புது வீட்டு வேலைதானே ஆரம்பிக்க மாட்டார்கள் சித்தி, வயர் விடவுமா?

தேன்மொழி: மல்லிகா சொல்வது சரிதான். எதற்கு வம்பு.

கார்த்தி: எலக்ட்ரீஷியன் இன்னொரு வழி சொன்னார். எங்கள் போர்டு வாசல் பக்கம், ரொம்ப தூரம். சித்தப்பா வீட்டு ஸ்விட்ச் பாக்ஸ் மாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். சின்னதாக ஒரு துவாரம் போட்டு அங்கிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளலாம், டிவிக்கு என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது என்கிறார்.

ராஜேந்திரன்: எங்கள் மீட்டரிலா?

ராஜேந்திரன்: 100 யூனிட் இலவசத்தைத் தாண்டாமல் இருக்க நாங்கள் ஃபேனை நிறுத்திவிட்டுத் திண்ணையில் படுக்கிறோம்.

விக்கி: அப்பா நீங்க மட்டும்தான் படுக்கிறீங்க

சுந்தரம் (கும்பகோணம்): அந்த எலக்ட்ரீஷியனை முதலில் மாற்று. ஒரு சர்வீஸ் கரண்ட்டை இன்னொரு சர்வீஸ் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. வாரிய விதியும் அதுதான், உயிருக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு உங்கள் வீட்டு மெயினை இறக்கிவிட்டு ஒருவன் டிவி பாயிண்ட்டில் கை வைப்பான். கரண்ட் இல்லை என்று நம்பித்தான் வைப்பான். அங்கே சித்தப்பா வீட்டுக் கரண்ட் நிற்கும். நியூட்ரல் இரண்டும் கலந்தால், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். அதுசரி, உங்கள் மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா?

வசந்தா: எனக்குத் தெரியாது அண்ணே. அந்தப் பீங்கான் ஃபியூஸ்தான் இருக்கிறது.

சுந்தரம் (கும்பகோணம்): வசந்தா!!

ராஜேந்திரன்: டிவி உங்களுடையது, கரண்ட் எங்களுடையதா. ஒரு காலத்தில் டிவி எங்களுடையது.

தேன்மொழி: இலவச டிவி கதையை எடுக்காதே ராஜு

பிரியா: என்ன கதை அத்தை?

தேன்மொழி: 2006இல் அந்தத் திட்டம் வந்தது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு கலர் டிவி. நம் வீட்டுக்கு அப்போது ஒரே கார்டு. உன் பாட்டி யார் பக்கம் சாப்பிட்டாளோ அந்தப் பக்கம் டிவி போனது. அவ்வளவுதான் கதை.

ராஜேந்திரன்: அவ்வளவுதானா? சீரியல் நேரத்தில் அதை யார் வந்து பார்த்தது?

வசந்தா: நான்தான் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தேன். அதற்கும் பத்திரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா தம்பி?

விக்கி: அந்த டிவி இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கு. ஓடுமா மாமா?

சுந்தரம் (கும்பகோணம்): பிக்சர் ட்யூப் டிவியைப் பிரித்துப் பார்க்காதே. அணைத்த பிறகும் உள்ளே அடி கொடுக்கிற அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும்.

கார்த்தி: மாமா, நம் சுவருக்கு வருவோம் 🙏

சுந்தரம் (கும்பகோணம்): வருகிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஓடு பறந்து அந்தச் சுவர் வழியாகத்தானே தண்ணீர் இறங்கியது? அப்புறம் கீழே மூன்றடி வரை ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்ததை நானே பார்த்தேன். அதில் இரும்புப் பெட்டியைப் பதித்தால் துருதான்.

வசந்தா: ஆமாம் அண்ணே, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் இன்னும் அந்த இடம் ஈரம் பூக்கிறது

ராஜேந்திரன்: வாய்க்காலில் தண்ணீர் எங்கே இருக்கிறது

தேன்மொழி: மன்னார்குடிப் பாலத்தடியில் பாமணியாற்றில் ஓடுகிறதே, நேற்றுப் பார்த்தேன்

ராஜேந்திரன்: ஆற்றில் ஓடுகிறது. மடைக்கு வரவில்லை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்கள் என்று பேப்பரில் பூத்தூவுகிற படம் போட்டால் போதுமா, கடைமடைக்காரன் குறுவை நாற்றை என்ன செய்வான்?

கணேசன்: முறை வைத்து விடுகிறார்கள். நமக்கு வியாழன். மூணாறு தலைப்பில் கேட்டுவிட்டு வந்தேன்.

ராஜேந்திரன்: வியாழன் ராத்திரியா பகலா அண்ணே?

கணேசன்: ராத்திரி. மண்வெட்டி எடுத்துக்கொண்டு வா, மேல்மடைக்காரன் அடைத்துவிடுவான்.

ராஜேந்திரன்: சரி

பிரியா: அப்பா இவ்வளவு டைப் பண்ணி நான் பார்த்ததே இல்லை

தேன்மொழி: தண்ணீர் என்றால் பேசிக்கொள்வார்கள், சுவர் என்றால் பத்திரம்

ராஜேந்திரன்: கஜாவில் விழுந்த எல்லைத் தென்னைக்கு நிவாரணம் யார் வாங்கினது என்று நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா?

தேன்மொழி: கேட்கவே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்காமல் இருக்கிறாய்.

கார்த்தி: வெட்டவே வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது?

பிரியா: பின்னால் ஒரு மரப் பேனல் அடித்துவிடலாம். பேனலுக்கும் சுவருக்கும் நடுவில் வயர் போய்விடும். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

வசந்தா: கரையான்

சுந்தரம் (கும்பகோணம்): பேனல் யோசனை மோசமில்லை, ஆனால் அந்தச் சுவரில் பிளைவுட் ஒரு மழைக்காலம் தாங்காது. பிவிசி பேனல், அலுமினியச் சட்டத்தில். இல்லையென்றால் கேசிங் கேப்பிங் போதும். பிளாஸ்டிக் பட்டை, இரண்டு ரூபாய் ஸ்குரூ, சுவர் கலரிலேயே பெயிண்ட் அடித்தால் பத்தடி தள்ளிக் கண்ணுக்கே தெரியாது. கரண்ட்டுக்கு ஒரு பட்டை, எச்டிஎம்ஐக்கு ஒரு பட்டை.

பிரியா: தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும் மாமா 😩

சுந்தரம் (கும்பகோணம்): அது இருக்கட்டும். டிவி எதில் நிற்கிறது?

கார்த்தி: நாலு ஃபாஸ்ட்னர்

சுந்தரம் (கும்பகோணம்): கல்லில் அடித்தானா, காரையில் அடித்தானா?

கார்த்தி: அது எப்படித் தெரியும்?

சுந்தரம் (கும்பகோணம்): ட்ரில் போடும்போது விழுந்த தூள் என்ன நிறம்? சிவப்பு என்றால் கல். வெள்ளை என்றால் சுண்ணாம்பு, அதில் ஃபாஸ்ட்னர் பிடிக்காது.

வசந்தா: நான்தான் பெருக்கினேன். வெள்ளைதான் நிறைய. ஒரு ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

சுந்தரம் (கும்பகோணம்): அப்படியென்றால் ஒன்றோ இரண்டோதான் பிடித்திருக்கிறது. இன்று ராத்திரி டிவிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

வசந்தா: அவர் அங்கேதானே படுப்பார்

பிரியா: அம்மா!! அப்பாவை ரேழிக்கு மாற்று

கணேசன்: செட்டாப் பெட்டியை மறைத்துவிட்டால் ரிமோட் வேலை செய்யுமா?

விக்கி: பெரியப்பா கேட்டதுதான் முதல் உருப்படியான கேள்வி

சுந்தரம் (கும்பகோணம்): செய்யாது அத்தான். சாதாரண செட்டாப் பாக்ஸ் ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, பெட்டி கண்ணுக்குத் தெரிந்தால்தான் கேட்கும். டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்தால் நீங்கள் எழுந்துபோய்க் கையை நீட்டித்தான் சேனல் மாற்ற வேண்டும். பெட்டி கீழே ஸ்டாண்டில் வெளியே இருக்கட்டும். அங்கிருந்து மேலே போக இரண்டடி எச்டிஎம்ஐ, அவ்வளவுதான். அந்த இரண்டடியை மறைக்கத்தான் காலையிலிருந்து

கார்த்தி: அப்போ கேசிங்கா பேனலா, ஒரு முடிவு சொல்லுங்கள்

பிரியா: பேனல்

வசந்தா: கேசிங்

மல்லிகா: எதுவானாலும் மாடத்துக்குப் பாதிப்பு வரக் கூடாது அக்கா

ராஜேந்திரன்: ஞாயிற்றுக்கிழமை நான் டேப் எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பக்கமும் அளந்து பார்ப்போம். அதுவரை யாரும் சுவரில் கை வைக்க வேண்டாம்.

வசந்தா: வாசல் வழியாக வருவீர்களா தம்பி, இல்லை அளவை இதிலேயே அனுப்புவீர்களா

ராஜேந்திரன்: வருகிறேன் அண்ணி. சர்க்கரை கம்மி.

கார்த்தி: எலக்ட்ரீஷியன் சனிக்கிழமையே வருகிறாரே

சுந்தரம் (கும்பகோணம்): வரட்டும். ஃபியூஸை எடுத்துவிட்டு, லோடு கூடினால் விழுகிற எம்சிபியும் அதோடு ஆர்சிசிபியும் போடட்டும். போடும்போது எனக்கு வீடியோ கால் செய். எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்? அதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

பிரியா: மாமா நாளைக்கு 🙏🙏

தேன்மொழி: திருக்கடையூருக்கு வேன் சொல்லியாச்சா இல்லையா? 22 பேருக்கு மேல் போனால் இரண்டு வண்டி. வலங்கைமானில் வெடி வாங்குகிறேன் என்றது யார்?

விக்கி: நான் சொல்லலை

கார்த்தி: சித்தப்பாதான்

ராஜேந்திரன்: வெடி சொன்னேன். வேன் நான் சொல்லவில்லை.