புதுப்பிப்பு: உபுண்டு ஸ்டுடியோவில் ஓலாமா கிராஃபிக்ஸ் கார்டைத் தொடாத சிக்கல்

முன்னே போட்டதன் சுருக்கம்: திருப்பூர் பனியன் பிரிண்ட் டிசைனுக்கு உபுண்டு ஸ்டுடியோ 24.04 (டிசைன் ஆப்களோட வரும் லினக்ஸ்), கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. நம்ம கம்ப்யூட்டரிலேயே ஏஐ மாடலை ஓட்டும் ஓலாமா, கார்டை (ஜிபியு) விட்டுட்டு சாதா பிராசஸரிலேயே (சிபியு) நொண்டியடித்தது. காரணம் கிடைச்சிருச்சுங்க.

செக்யூர் பூட்தான்; நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற விடாத பாதுகாப்பு அது. என்விடியா டிரைவர் ஏற்றும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யும் இடம்) போய் அதே பாஸ்வேர்டைத் தரணும். அவசரத்தில் ‘கன்டினியூ பூட்’ தட்டிவிட்டால் டிரைவர் ஏறாது. ஆனா டெஸ்க்டாப் பாட்டுக்கு நல்லாத்தான் தெரியும், அதனால சந்தேகமே வராது. இப்போ ‘ஓலாமா பிஎஸ்’ அடித்தால் ‘100% ஜிபியு’ என்கிறது.

8 பில்லியன் அளவுருக்கள் (மாடல் கற்றுவெச்ச எண்கள்) உள்ள மாடல், 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. தனியா ஓடினால் தாராளம். கிரிட்டா என்ற வரையும் ஆப்பில், படம் உருவாக்கும் ஏஐ மாடலான எஸ்டிஎக்ஸ்எல் வைத்துப் படம் போடும்போதுதான் கார்டு மெமரி முட்டும்: அந்த மாடலின் கோப்பே 6.5 ஜிபிக்கு மேல். பதில் சொல்லி முடித்தும் ஓலாமா 5 நிமிஷம் மாடலைப் பிடிச்சே வெச்சிருக்கும். படம் போடுமுன் ‘ஓலாமா ஸ்டாப்’, கூடவே மாடல் பெயர்; உடனே இடம் விடும்.

பழைய பாமினி (யூனிகோடு இல்லாத தமிழ் எழுத்துரு) ஃபைல்கள் தனிப் பிரச்சினை. எழுத்துருவை நிறுவினால் இங்க்ஸ்கேப் என்ற டிசைன் ஆப்பில் தமிழாகத் தெரியும். மாடலுக்கு மட்டும் அது ஆங்கில எழுத்துக் குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றிட்டுக் கொடுங்க. தமிழுக்கு டோக்கனும் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டு) அதிகம் செலவாகும், நீளமான கேட்லாக்கை ஒரே மூச்சில் திணிக்காதீங்க.