அப்பாவின் பழைய 486 கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, உள்ளே இருக்கும் தமிழ் ஃபைல்களை எடுக்க வழி சொல்லுங்கள்

அச்சகத்துப் பையன்:
வணக்கம். அப்பா 1994-ல் அச்சகத்துக்கு வாங்கிய 486 டிஎக்ஸ்2-66. ராம் 8 எம்பி, ஹார்டு டிஸ்க் 420 எம்பி, விண்டோஸ் 3.1, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 5. எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் பத்து வருஷம் இதில்தான் அடித்தார். அப்புறம் துணி போட்டு மூடியே கிடந்தது. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அவர் எழுதி வைத்த ஊர் வரலாறும் இதில்தான் இருக்கிறது, வேறு பிரதி இல்லை.

நேற்று ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, பீப் சத்தமும் இல்லை. கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், மதர்போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. பக்கத்து டவுன் சர்வீஸ் கடையில் "எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

ஈயப்பற்று:
தம்பி, முதலில் அதை மறுபடி ஆன் செய்யாதீர்கள். பச்சையாக இருப்பது பேட்டரி கசிவு. அந்தக் காலத்து போர்டுகளில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் செம்புக் கோடுகளை அரித்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது ஃபைல்தானே? அப்படியென்றால் போர்டை அப்புறம் பார்க்கலாம், டிஸ்க்கை முதலில் காப்பாற்றுங்கள். கழற்றி, மேலே ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்துப் போடுங்கள்.

அச்சகத்துப் பையன்:
லேபிளில் சிலிண்டர் 989, ஹெட் 15, செக்டர் 56 என்று இருக்கிறது அண்ணா. யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் லேப்டாப்பில் எதுவும் காட்டவில்லை.

ஈயப்பற்று:
சுற்றுகிறதே, அதுவே நல்ல செய்தி. மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்பதால் 512-ஆல் பெருக்கினால் சுமார் 42.5 கோடி பைட் வரும், அதுதான் உங்கள் 420 எம்பி. இவ்வளவு பழைய டிஸ்க்குகளிடம் இந்த மூன்று எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். பெரும்பாலான யூஎஸ்பி கன்வெர்ட்டர்களுக்கு அந்தப் பேச்சு தெரியாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த மாதிரி பழைய டிஸ்க்கை நேரடியாகச் சொருகும் ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் 3 அல்லது 4 கம்ப்யூட்டர் ஒன்று தேடுங்கள். சென்னை வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் உள்ள ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாஸ்டரில் வைத்து, லினக்ஸ் சிடியில் பூட் செய்து, பழுதான டிஸ்க்கைப் படிக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலில் நகலாக எடுங்கள். ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்ய வேண்டாம். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும்.

எழுத்துரு அக்கா:
இமேஜ் கிடைத்ததும் ஃபான்ட்டுகளை மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும். யூனிகோட் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய தமிழ் இது. ஃபான்ட் இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையிலும் அடையாளம் உண்டு. 'ம்' வர வேண்டிய இடத்தில் ஆங்கில 'கே'யும் அரைப்புள்ளியும் நின்றால், தமிழ் டைப்ரைட்டர் வரிசையில் அமைந்த பாமினி போன்ற ஃபான்ட். அந்த வரிசையில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். இதற்கு யூனிகோட் மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் மாற்றியதும் கொம்பு வரும் இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள். பழைய ஃபான்ட்டில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்துக்கு அப்புறம்தான் கொம்பு.

பிரிண்டர் போர்ட்டில் சின்னப் பெட்டி மாதிரி டாங்கிள் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் காலத்து டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருள் சிலது அது இல்லாமல் திறக்காது.

அச்சகத்துப் பையன்: (மூன்று வாரம் கழித்து)
நண்பர் வீட்டுப் பரணில் பென்டியம் 4 கிடைத்தது. முழு இமேஜும் வந்துவிட்டது, நான்கு செக்டர் மட்டும் படிக்க முடியவில்லை. பழைய கம்ப்யூட்டர் போலவே இயங்கும் 86பாக்ஸ் எமுலேட்டர் மென்பொருளில் அதே மூன்று எண்ணைக் கொடுத்து பூட் செய்தேன். முதலில் விண்டோஸ் திறக்காமல் கறுப்புத் திரையாக நின்றது.

ஈயப்பற்று:
அது டிஸ்ப்ளே டிரைவர். டாஸில் விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய் செட்டப் என்று அடித்து, சாதாரண விஜிஏவுக்கு மாற்றுங்கள்.

அச்சகத்துப் பையன்:
திறந்துவிட்டது அண்ணா! அப்பா வைத்தபடியே ஐகான்கள். ஊர் வரலாறு 41 பக்கம், ஃபான்ட்டோடு அப்படியே தமிழில். கடைசிப் பக்கத்தில் கண்மாய் பற்றிய வாக்கியம் பாதியில் நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா, நீங்கள் சொன்ன அரைப்புள்ளி அடையாளம் சரியாக இருந்தது. யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இனி போர்டையும் சரிசெய்யப் பார்க்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

ஈயப்பற்று:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த இமேஜை இன்னும் இரண்டு இடத்தில் காப்பி போட்டு வையுங்கள்.

பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால் வினிகரைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, தண்ணீரால் துடைத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் கீபோர்டு சிப்பைச் சுற்றியுள்ள கோடுகளை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி வைத்துப் பற்ற வைக்கலாம். ஜம்பர் விவரத்துக்கு 'தி ரெட்ரோ வெப்' தளத்தில் உங்கள் போர்டைத் தேடிப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் பி8, பி9 பிளக்குகள் இரண்டிலும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்து வர வேண்டும். மாறினால் போர்டு போய்விடும். புதுப் பேட்டரியாக காசு வடிவ சிஆர்2032 போடலாம், ஆனால் நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஷாட்கி டயோடு கட்டாயம். இல்லாவிட்டால் போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், வெடிக்கக்கூடும்.

அச்சகத்துப் பையன்:
டயோடில் கோடு போட்ட பக்கம் எந்தப் பக்கம் வரணும் அண்ணா?

ஈயப்பற்று:
போர்டின் பிளஸ் பக்கம். பழைய பேட்டரியில் காட்மியம் இருக்கிறது, குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.