ப்ராய்க்கு (வெளியில நெருப்பு மூட்டிக் கறி சுட்டுச் சாப்பிடற கூட்டம்) ஸ்வீட் கொண்டு போய் அசடு வழிஞ்ச கதை, ஜெயிச்ச கதை ரெண்டும் சொல்லுங்க

டர்பன் மருமகள்:

டிசம்பர் பொறந்தாலே எனக்கு வயித்தக் கலக்க ஆரம்பிச்சுடும். ஊர்ல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மார்கழிக் கோலம் போட்டோ அனுப்புவாங்க, இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல கோடை, நாம ஃபேனுக்குக் கீழ உக்காந்தும் வேர்த்து ஊத்திக்கிட்டு இருப்போம், பிள்ளைங்களுக்கு லீவு வேற, வாரத்துக்கு ஒரு ப்ராய், ஒவ்வொண்ணுக்கும் "பிரிங் அண்ட் ஷேர்"னு ஒரு மெசேஜ். நாங்க சைவம்னு தெரிஞ்ச அன்னிக்கே கறி, பூர்வோர்ஸ் (இங்கத்து சாசேஜ்) பக்கமெல்லாம் எங்கள விட்டுட்டாங்க, "நீங்க டெசர்ட் பாத்துக்கோங்க"ன்னு தலையில கட்டிட்டாங்க.

முதல் வருஷம் நான் பண்ணின கூத்து சேமியா பாயசம். 25 பேருக்கு. பெரிய குண்டான்ல காய்ச்சி, மூடியத் துணி போட்டுக் கட்டி, கார்ல என் கால் ரெண்டுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு உக்காந்தேன். ரோபோட்ல (சிக்னலுக்கு இங்க அதான் பேரு, வந்த புதுசுல எனக்குச் சிரிப்பு தாங்காது) இவர் போட்டாரு பாருங்க ஒரு பிரேக்கு, பாதி பாயசம் என் பட்டுப் புடவையிலயும் கார்ப்பெட்லயும். மூணு மாசம் கார்ல பால் புளிச்ச வாடை, எறும்பு சாரை சாரையா வந்துச்சு. சரி மிச்சமாவது இருக்கேன்னு கொண்டு போய் வச்சா, இங்க நெருப்ப மூட்டவே ஒரு மணி நேரம், சுட்டு முடிச்சு சாப்பிட்டு ஸ்வீட் பக்கம் வர மணி மூணரை ஆச்சு, அதுக்குள்ள சேமியா மொத்தப் பாலையும் குடிச்சிட்டு உப்பி நிக்குது. ஒரு தாத்தா கரண்டிய நட்டு வச்சிட்டு கையை எடுத்துப் பாத்தாரு, கரண்டி அப்படியே நின்னுச்சு. "புட்டிங்கா இது?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

அடுத்த வருஷம் ரோஷம் வந்து கேசரி. டிசம்பர் 16 லீவுக்கு ப்ளூ லகூன் பக்கம் எல்லாரும் கூடினோம். கூட்டத்துல முக்கால்வாசி பேர் இங்கயே நாலஞ்சு தலைமுறையா இருக்கிற குடும்பம், தமிழ்ப் பேரு இருக்கும், பேச்சு முழுக்க இங்கிலீஷ். நான் பெருசா லெக்சர் எடுத்தேன், இது பேரு ரவா கேசரி, எங்க தஞ்சாவூர்ப் பக்கம் எந்த விசேஷம்னாலும் இது இல்லாம இருக்காது, அப்படி இப்படின்னு. ஒரு ஆன்ட்டி மூக்குக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஒரு ஸ்பூன் வாயில போட்டுட்டு ரெண்டே வார்த்தை, "ஓ, சொஜி." அப்புறம் மெதுவா, "பட்டர் பத்தல, எலாச்சி பத்தல, பட் நாட் பேட் மை கேர்ல்." எலாச்சின்னா ஏலக்காய்.

எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுன்னே தெரியல. சொஜ்ஜி! நம்ம ஊர்ல அந்த வார்த்தை இப்ப எங்க இருக்கு, பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜி சொஜ்ஜின்னு கேலி பண்றதோட சரி, மத்தபடி எல்லா ஹோட்டல் போர்டுலயும் கேசரி ஆயிடுச்சு. இங்க 1860 நவம்பர் 16ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் வந்து இறங்குச்சு, கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்த ஜனங்க, அவங்க பேரப் பிள்ளைங்களுக்கு தமிழ் பேச வராது ஆனா சொஜ்ஜி மட்டும் வாயிலயே நின்னுடுச்சு. நான் போய் அவங்களுக்கு அறிமுகம் பண்றேன் பாருங்க.

அதுக்கப்புறம் அந்த ஆன்ட்டிகிட்டயே போய் கேட்டுக்கிட்டேன். ரவை ஒரு கப்புக்கு பாலும் தண்ணியும் சேர்த்து ரெண்டே கப்பு, நம்ம வீட்டுல மாதிரி தளதளன்னு விடக்கூடாது, பட்டர்ல ரவைய நல்லா பொன்னிறமா வறுக்கணும், திராட்சை பாதாம் தாராளமா, ட்ரேல அழுத்தித் தட்டி ஆறவிட்டு துண்டு போடணும். பேப்பர் நாப்கின்ல வச்சு கையில எடுத்துக்கிட்டுப் போயிடலாம், கிண்ணம் வேணாம் ஸ்பூன் வேணாம், வெயிலும் ஒண்ணும் பண்ணாது. இப்ப அதான் என் பர்மனென்ட் ஐட்டம். ஆனா வருஷா வருஷம் அதே போட்டா எனக்கே போரடிக்குது, நீங்க என்ன பண்றீங்க? ஈஸியா இருக்கணும், முட்டை கூடாது.

ஜோபர்க் பேச்சிலர்:

சிஸ்டர் உங்க கரண்டி கதைக்கு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சு மானம் போச்சு.

என் கதை ஜெல்லி. வந்த புதுசு, சமைக்கத் தெரியாது, ஜூ லேக் பார்க்ல டீம் பிக்னிக், பாக்கெட் ஜெல்லி தானே சுடுதண்ணில கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா முடிஞ்சதுன்னு நெனச்சேன். கெத்தா இருக்கட்டும்னு ஃப்ரெஷ் அன்னாசிய வெட்டிப் போட்டேன். காலையில பாத்தா தண்ணி. இன்னும் ரெண்டு மணி நேரம் வச்சேன், அப்பவும் தண்ணி. பச்சை அன்னாசில இருக்கிற ஒரு என்சைம் ஜெலட்டின உடைச்சிடுமாம், டின் அன்னாசின்னா சூடு பட்டு அந்த என்சைம் செத்துப் போயிடும் அதனால பிரச்சனை இல்லையாம், இதெல்லாம் அப்புறம் தான் தெரிஞ்சுது. அன்னிக்கு அத ஜூஸ்னு சொல்லி கப்ல ஊத்திக் குடுத்துட்டேன்.

அடுத்த தடவை டின் போட்டு கரெக்டா செட் பண்ணி லெனேசியால (இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கிற ஏரியா) ஒரு வீட்டுக்குக் கொண்டு போனேன். அந்த வீட்டம்மாவோட அம்மா வந்து காதோரமா, "தம்பி இதுல ஜெலட்டின் இருக்கா?" அப்ப தான் உறைச்சுது. ஜெலட்டின் மாட்டுலேர்ந்தோ பன்னிலேர்ந்தோ எடுக்கிறது, பாக்கெட்ல ஹலால்னு போட்டிருந்தா பன்னி இல்லன்னு தான் அர்த்தம், சைவம்னு அர்த்தம் இல்ல. அங்க பாதி பேர் பீஃப் தொடாத ஆளுங்க. மார்ஷ்மெலோவும் அதே கேஸ் தான், பாத்துக்கோங்க. அந்த அம்மா நல்லவங்க, யாருக்கும் தெரியாம என் டப்பாவ மூடி எடுத்துட்டுப் போய் கார் டிக்கியில வச்சுட்டாங்க.

இப்ப நமக்கு கடல்பாசி தான். சைனா கிராஸ்னு மசாலா கடைல கிடைக்கும். 10 கிராம் பாசிய ஊற வச்சு தண்ணில கொதிக்க விட்டு முழுசா கரைஞ்சதும் முக்கால் லிட்டர் பால், சக்கரை, ரோஸ் எசென்ஸ், ட்ரேல ஊத்துனா ஃப்ரிட்ஜுக்கு முன்னாடியே வெளியிலயே இறுகிடும். பெரிய ப்ளஸ் என்னன்னா ஜெலட்டின் ஜெல்லி வெயில்ல வச்சா கொழகொழன்னு ஆயிடும், இது ஒரு தடவை செட் ஆயிட்டா 85 டிகிரி போனா தான் உருகும், ஜூ லேக் வெயில்லாம் அதுக்கு தூசு. ஃப்ரெஷ் அன்னாசியும் போடலாம். ஒரே ஒரு விஷயம், ஜோபர்க் உசரத்துல தண்ணி 94 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும், அதனால பாசி கரைய கொஞ்சம் கூடுதல் நேரம் கிண்டணும், அவசரப்பட்டு பால ஊத்தினா நாருநாரா வாயில சிக்கும். அதுவும் அனுபவம் தான்.

பிரிட்டோரியா அம்மா:

பெப்பர்மின்ட் கிரிஸ்ப் டார்ட் யாரும் சொல்லலயா? இந்த ஊர்ல அத விட ஈஸி எதுவும் இல்ல. டென்னிஸ் பிஸ்கட் (தேங்காய் போட்ட பிஸ்கட்) ஒரு பாக்கெட், கேரமல் ட்ரீட் 360 கிராம் டின் ஒண்ணு, அடிச்ச க்ரீம், பெப்பர்மின்ட் கிரிஸ்ப் சாக்லேட் மூணு. கேரமலையும் க்ரீமையும் கலந்துக்கிட்டு பிஸ்கட் ஒரு வரிசை க்ரீம் ஒரு வரிசைன்னு அடுக்கி மேல சாக்லேட்ட துருவி விட்டுட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ். அவ்ளோதான், அடுப்பே பத்த வைக்க வேணாம். பிஸ்கட் ஊறி கேக் மாதிரி ஆயிடும்.

எங்க அம்மா திருநெல்வேலிலேர்ந்து வந்திருந்தப்ப குடுத்தேன். "என்னட்டி இது, பல்லு விளக்குன மாதிரி இருக்கு"ன்னாங்க. சொல்லிக்கிட்டே ரெண்டாவது தட்டு போட்டுக்கிட்டாங்க.

மானம் போனது 2022 டிசம்பர்ல. ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங், ஒரு நாளைக்கு மூணு தடவை கரண்ட் கட். பையன் கிளாஸ் முடிவு பார்ட்டிக்கு ரெண்டு ட்ரே பண்ணி வச்சேன், ராத்திரி கரண்ட் போச்சு, காலையில வந்துச்சு, திரும்பப் போச்சு. க்ரீம் இளகி கீழ இறங்கி சாக்லேட் மட்டும் மேல மிதக்குது. அழாத குறை. பக்கத்து வீட்டு ஆஃப்ரிகானர் ஓமா (பாட்டி) வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பிளாஸ்டிக் கப்புல அள்ளி அள்ளி ஊத்தி ஃப்ரீசர்ல தள்ளினாங்க, ரெண்டு மணி நேரம் கரண்ட் இருந்துச்சு, பாதி உறைஞ்ச பதத்துல எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் குத்தி குடுத்தோம். பிள்ளைங்க ஐஸ்க்ரீம்னு நெனச்சு அடிச்சுக்கிட்டுத் தின்னுச்சுங்க. இப்பவும் பையன் ஃப்ரெண்ட்ஸ் அந்த "கப் ஐஸ்" தான் கேக்குறானுங்க, டார்ட் கேக்க மாட்டேங்குறானுங்க.

சாட்ஸ்வொர்த் பேத்தி:

வணக்கம். என் தமிழ் தப்பா இருந்தா மன்னிக்கவும், சனிக்கிழமை கிளாஸ்ல படிச்ச தமிழ், இதை டைப் பண்ண எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

டர்பன் மருமகள் அக்கா, அந்த ஆன்ட்டி சொன்னது கரெக்ட். எலாச்சி பத்தலன்னா அது சொஜி இல்ல.

எங்க வீட்டுல கிரானி பர்ஃபி செய்வாங்க. இந்தியா மாதிரி பால் காய்ச்சறது இல்ல, க்ளிம்னு ஒரு பால் பவுடர். க்ளிம்ங்கிறது மில்க்கைத் திருப்பிப் போட்ட பேரு, எனக்கு இருபது வயசு வரைக்கும் தெரியாது! டின் க்ரீம ஊத்தி பவுடர கையால பிசறி, உதிரி உதிரியா ஆனதும் ராத்திரி முழுக்க விட்டுடணும், காலையில மிக்ஸில பொடிச்சு சக்கரைப் பாகுல பட்டரோட கொட்டி எலாச்சி போட்டு கிளறி ட்ரேல ஊத்தணும். கிரானி பாகு பதம் பாக்க விரல் ரெண்டையும் தண்ணில நனைச்சு தொடுவாங்க, நான் தொட்டா சுடும். மேல கலர் பாதாம். செஞ்ச அன்னிக்கு வெட்டக்கூடாது. கிரானி சின்னப் பிள்ளையா இருக்கும்போது டர்பன்ல காட்டோ மேனர்ல இருந்தாங்க, குரூப் ஏரியாஸ் சட்டம் (நிறவெறி ஆட்சியில எந்த இனம் எந்த ஏரியான்னு பிரிச்ச சட்டம்) வந்து அங்கேருந்து எல்லாரையும் எழுப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்ப லாரில இடம் இல்லன்னு கட்டில விட்டுட்டு வந்தாங்களாம், ஆனா பர்ஃபி கிண்டுற பித்தளைச் சட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க. அந்தச் சட்டி இப்ப என்கிட்ட.

போன கிறிஸ்மஸ்க்கு என் கசின் கடைல வாங்கின பர்ஃபிய வீட்டு ட்ரேக்கு மாத்தி, "நானே செஞ்சேன்"னு சொல்லி வச்சா. கிரானிக்கு 84 வயசு, கண் சரியா தெரியாது. ஒரு கடி கடிச்சாங்க, கசின் மூஞ்சியப் பாத்தாங்க, "வெரி நைஸ், எவ்வளவு குடுத்த?"ன்னு கேட்டாங்க.

கேப்டவுன் காத்தாடி:

😂😂 கிரானிக்கு என் சலாம்.

கேப்டவுன்காரன் கதை சின்னது. டிசம்பர், டேபிள் வியூ பீச், தென்கிழக்குக் காத்து தெரியுமில்ல, ஆள தள்ளிக்கிட்டுப் போகும். நான் ட்ரைஃபிள் கொண்டு போனேன், கண்ணாடிப் பாத்திரத்துல கேக், கஸ்டர்ட், பழம்னு அடுக்கடுக்கா, பாக்க அப்படி இருந்துச்சு. மூடியத் திறந்தேன். அவ்ளோதான், கடைசி லேயர் மணல். ஒருத்தன் மரியாதைக்காக ஒரு வாய் சாப்பிட்டான், கடக்குன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அதுக்கப்புறம் கூக்சிஸ்டர் பண்ணலாம்னு பாத்தேன், ஜடை பின்னிப் பொரிச்சு பாகுல போடறது, நம்ம ஜாமூன் மாதிரி சூடான பாகுல போட்டேன், நமத்துப் போய் கொழகொழன்னு வந்துச்சு. சூடா பொரிச்சு எடுத்த உடனே ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கிற பாகுல முக்கணுமாம், அப்ப தான் வெளிய மொறுமொறு, உள்ள பாகு. இவ்ளோ வேலை எனக்கு ஆகாது சாமி.

இப்ப நான் கொண்டு போறது லிச்சி. ரெண்டு பாக்ஸ் வாங்கி தோலோட ஃப்ரீசர்ல போட்டு கூலர் பாக்ஸ்ல தூக்கிட்டுப் போயிடுவேன். தோல உரிச்சு வாயில போட்டா சர்பத் மாதிரி. மணலும் ஒட்டாது.

பிரிட்டோரியா அம்மா:

இதெல்லாம் சமையலா தம்பி, கடைக்காரர் பண்ணின வேலை.

கேப்டவுன் காத்தாடி:

அக்கா எல்லா பாக்ஸும் காலியாச்சு, உங்க டார்ட் உருகிச்சு.

டர்பன் மருமகள்:

சண்டை போடாதீங்கப்பா. லிச்சி ஐடியா எனக்குப் பிடிச்சிருக்கு, எங்க பக்கம் டிசம்பர்ல ரோட்டோரமே விப்பாங்க. கூடவே அன்னாசிய நீளமா சீவி மிளகாய்த்தூள் மசாலா தூவி வச்சா டர்பன்காரங்க ஸ்வீட்டையே மறந்துடுவாங்க.

நானும் ஒண்ணு ட்ரை பண்ணேன் இந்த வாரம். கண்டென்ஸ்ட் மில்க் 385 கிராம் டின், அரை கப் எலுமிச்சை சாறு, அடிச்ச க்ரீம் ஒரு கப். சாற ஊத்திக் கலக்கும்போதே கண்ணு முன்னாடி கெட்டியாகுது, புளிப்பு பட்டதும் பால் புரதம் இறுகுது, அதான் விஷயம், ஜெலட்டினும் வேணாம் முட்டையும் வேணாம். டென்னிஸ் பிஸ்கட்ட பொடிச்சு பட்டர்ல பிசைஞ்சு அடியில அழுத்தி மேல இத ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். சொஜி ஆன்ட்டி வீட்டுக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பிச்சேன். எலாச்சி போடலையான்னு மெசேஜ் வந்திருக்கு.

அப்புறம் ஒரு விஷயம், போன ப்ராய்லேர்ந்து நீல மூடி போட்ட கண்ணாடி ட்ரே ஒண்ணு எங்க வீட்டுல கிடக்குது, அடியில நெயில் பாலிஷ்ல சின்னதா ஒரு பூ வரைஞ்சிருக்கு. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு சொஜ்ஜி போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். யாரோடதோ சனிக்கிழமைக்குள்ள வந்து எடுத்துக்கோங்க, இவர் ராத்திரி ராத்திரி ஓரத்துல வெட்டிக்கிட்டே வர்றாரு.