புயல் வலுவிழந்தாலும் கடல் இறங்காது: காசிமேடு முதல் எண்ணூர் வரை

திருவொற்றியூர்ப் படகுக்காரர்:

மிக்ஜாம் புயல் நாட்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதிய எல்லோரும் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றியே சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் ஃபைபர் படகு வைத்துப் பிழைக்கிறது. கடல் அப்போது எப்படி இருந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 4 அன்று அந்தப் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. கரைக்கு இணையாக வடக்கே ஊர்ந்து, மறுநாள் ஆந்திராவின் பாபட்லா அருகே போய்த்தான் கரை ஏறியது. நம்மைத் தொடாமல் போன புயல்தான் நம்மை மூழ்கடித்தது.

காற்று எங்கள் கரைக்கு வருவதற்கு முன்பே அலை மாறிவிட்டது. வாடைக் காற்றில் எழும் சாதாரண அலைகள் ஐந்தாறு விநாடிக்கு ஒன்றாகச் சடசடவென்று வரும். தூரத்தில் ஒரு புயல் கிளம்பினால் அங்கிருந்து வரும் அலைக்கு நிதானம் அதிகம்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு, பதினான்கு விநாடிகூட ஆகும். நைனா கரையில் நின்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் வலையை மேலே ஏற்றச் சொல்வார். இதில் மந்திரம் ஏதும் இல்லை. நம் பக்கத்துப் புயல்கள் பெரும்பாலும் மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில்தான் நகர்கின்றன. பதினான்கு விநாடி அலைக்கூட்டமோ ஆழ்கடலில் மணிக்கு 40 கி.மீ. அளவில் ஓடும். அதனால் புயலின் சேதியைக் கடல் முந்திக்கொண்டு வந்து சொல்லிவிடும்.

வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். புயல் எங்கே கரையைக் கடக்கும் என்ற வரியை ஊரே படிக்கும். படகுக்காரன் முதலில் பார்க்க வேண்டியது கடல் பகுதியின் பெயரை. 'தென்மேற்கு மற்றும் அதை ஒட்டிய மேற்கு மத்திய வங்கக்கடல்' என்று வந்தால், அந்த இரண்டு பகுதிகளும் சேரும் இடம் ஏறக்குறைய நம் வாசலுக்கு நேரே இருக்கிறது. அடுத்து, 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.' என்ற வரி. அந்த 'இடையிடையே'தான் ஆளைக் கவிழ்ப்பது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில், ஏறும். 45-இல் ஒரு பங்கு என்றால் 65-இல் இரண்டு பங்குக்கும் மேல். கரையில் அது ஒரு கூரைத் தகட்டைத் தூக்கும். கடலில், அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் படகை அந்த ஒரு வீச்சே புரட்டிவிடும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது 'வலுவிழந்தது' என்ற செய்தியைக் கேட்கும்போது. சுழலும் காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் அது புயல். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். அதாவது 62 என்பது 61 ஆனாலே பெயர் இறங்கிவிடுகிறது. தொலைக்காட்சி வேறு செய்திக்குப் போய்விடுகிறது, ஊர் பெருமூச்சு விடுகிறது, கரையில் ஐஸ் பெட்டியோடு நிற்கும் வியாபாரியும் 'எப்போது போகிறீர்கள்?' என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார். கிளம்பிய அலை மட்டும் அப்படியே இருக்கிறது. நாள் கணக்கில் வருமானம் இல்லாத வீட்டில் அந்தக் கேள்விக்கு 'இன்று வேண்டாம்' என்று பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ராயபுரம் அம்மா:

வர்தா புயல் எங்கள் தலைக்கு மேலேயே போனது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பிற்பகலில் சென்னைக்கு மிக அருகே கரையைக் கடந்தது. நம் வடசென்னைப் பக்கம்தான். காலையிலிருந்து வடக்கே இருந்து அடித்த காற்று, புயலின் நடுப்பகுதி எங்கள்மேல் வந்ததும் திடீரென்று நின்றது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து, விழுந்த மரத்தைப் பார்க்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். என் மாமியார் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு பிள்ளைகள் யாரையும் விடவில்லை. "பாதிதான் போயிருக்கிறது, உள்ளே போங்கள்" என்றார். அவர் சொன்னபடியே காற்று மறுபடி வந்தது, இந்த முறை தெற்கிலிருந்து. அதுவரை தாங்கிய எங்கள் சமையலறைக் கூரை அப்போதுதான் போனது.

துறைமுகத்திலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்த்தவர். வாடைக்கு எதிராக மட்டும் கயிறு இறுக்கியிருந்த படகுகள், காற்று திரும்பியதும் ஒன்றன்மேல் ஒன்று மோதின. இரண்டு பக்கமும் கட்டி, டயர் தொங்கவிட்டு, நீர்மட்டம் ஏறினால் நெகிழ்ந்துகொடுக்கக் கயிற்றில் கொஞ்சம் தளர்வும் விட வேண்டும் என்று இன்றைக்கும் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எண்ணூர்த் தம்பி:

நாங்கள் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். புயலுக்காகக் கடலுக்குப் போகப் போட்ட தடை நீங்கிய பிறகும் முகத்துவாரத்தில் அலை உடைந்துகொண்டே இருக்கிறது. அண்ணே, எதைப் பார்த்துக் கிளம்புவது?

திருவொற்றியூர்ப் படகுக்காரர்:

தம்பி, உங்கள் இடம் எங்கள் கரையைவிட ஆபத்தானது. புயல் மழைக்குப் பிறகு கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வெளியே தள்ளும், கடல் அலை உள்ளே தள்ளும். இரண்டும் மணல் திட்டின்மேல் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். கடல் நீர்மட்டம் இறங்கும் வற்று நேரத்தில் ஆற்றின் வேகமும் சேர்வதால் அது இன்னும் மோசமாகும். தடை நீங்கியது என்றால் நடுக்கடலில் காற்று தணிந்தது என்று அர்த்தம். உங்கள் முகத்துவாரம் சரியாகிவிட்டது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

வெள்ளம் மணல் திட்டை இடம் மாற்றியிருக்கும். ஆகவே பழைய வழியை நம்பாமல், பகல் வெளிச்சத்தில் மேட்டில் நின்று, அலை எங்கே உடையாமல் வருகிறது என்று முதலில் பாருங்கள். நீர் ஏறும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இன்னும் நீளமாகவே இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். போவதானால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு படகாகப் போங்கள், ஒன்று தாண்டும்வரை மற்றது உள்ளே நிற்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போனபின் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால், காற்றழுத்தத் தாழ்வின் மையம் உங்கள் வலது கைப் பக்கம், சற்றே பின்னால் இருக்கும். நம் கடலில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால், அது விலகிப் போகிறதா, நெருங்குகிறதா என்று நீங்களே ஊகித்துவிடலாம்.