சர்வீஸ் செய்த பிறகு பைக் 60-ஐத் தாண்ட மறுக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 100 சிசி, கார்புரேட்டர் வண்டி. போன ஞாயிறு வீட்டிலேயே ஆயில் மாற்றினேன், ஃபோம் ஏர் ஃபில்டரைக் கழுவி ஆயில் தடவிப் போட்டேன், ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தேன், செயினை இறுக்கினேன், பின் பிரேக்கையும் கொஞ்சம் டைட் வைத்தேன்.

மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் நான்குவழிச் சாலையில் முன்பு 80 சாதாரணமாக வரும். இப்போது 60-க்கு மேல் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி அடைத்த மாதிரி உறுமுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. மூன்றாம் கியர் வரை பெரிதாகக் குறை தெரியவில்லை.

நான் பார்த்தவை: சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது, ஓட்டி நிறுத்தியதும் டிரம்மில் சூடும் இல்லை. அதனால் பிரேக் பிடிக்கவில்லை என்றே நம்புகிறேன். செயினில் ஒரு அங்குலம் ஆட்டம் இருக்கிறது. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிற வேண்டும், இங்கே அதுவே மந்தமாகிறது. ஆயிலும் ஜாசோ எம்ஏ (கிளட்ச் வழுக்காத பைக் ஆயிலுக்கான தரக்குறி) முத்திரை உள்ளதுதான்.

பிளக்கைக் கழற்றினால் கரிபடிந்து கறுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, சரிதானே? ஃபோமில் ஆயிலை அதிகமாக ஊற்றி நன்றாகப் பிழியாமல் போட்டுவிட்டேனோ என்பதுதான் என் முதல் சந்தேகம். அல்லது சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் அமைப்பு) கேபிள் பாதியில் நிற்குமா?

தினமும் அம்மாவை இந்த வண்டியில்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். நடு ரோட்டில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை அனுபவித்தவர்கள், எதை முதலில் கழற்றிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.